மைமூன் வீட்டு பங்களா அன்னாசி

நாகலூரில் பஸ் நின்று திரும்பும் இடத்தில் வாழைப்பழக்கடை வைத்திருந்த ஷேக் தாவூதின் மனைவி மைமூனுக்கு ஆகாதவர்கள் என்று ஒரு பட்டாளமே உண்டு. எஸ்டேட் ரைட்டரை ஆகாது, பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போவார். பக்கத்து டீக்கடைக்காரனை ஆகாது, பாய்லர் சாம்பலை இவள் வாசலோரம் கொட்டுவான். மழை ஆகாது, வெயில் அதைவிட ஆகாது. இவர்களையெல்லாம் அவள் கரித்துக்கொட்டியது வாய்க்கு வேலை கொடுக்கத்தான். நெஞ்சார அவள் வெறுத்தது ஒரே ஒருத்தியை, கரடியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த சொந்தத் தங்கை பரிதாவை. பெற்ற பிள்ளையைக்கூட அவள் அவ்வளவு பக்குவமாய்ச் சோறு ஊட்டி வளர்த்திருக்க மாட்டாள், அந்த வெறுப்பை அப்படி வளர்த்தாள். இத்தனைக்கும் காரணம் ஒரு தொட்டிச்செடி.

அன்னாசிக்குப் பங்காளி முறையாகிற அழகுச்செடி அது. விளிம்பில் முள் வைத்த இலைகள் சுற்றிலும் அடுக்கி நிற்க, நடுவில் ஒரு கிண்ணம் போலத் தண்ணீர் தேங்கியிருக்கும். வெள்ளைக்காரத் துரைமார்கள் எங்கிருந்தோ கொண்டுவந்து பங்களா முகப்புகளில் வைத்தது. ஏற்காட்டு மலையில் அதற்குப் பங்களா அன்னாசி என்று பெயர். அதில் எத்தனை சாதி என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு பங்களாவிலிருந்து இன்னொன்றுக்குக் கன்று போகும், பெயர் எழுதிய தகடு கூடப் போகாது. துரை கப்பலேறிவிடுவார், தகடு துருப்பிடித்து உதிரும், சமையல்காரர் வாயில் வந்ததே செடிக்குப் பெயராகிவிடும். போதாக்குறைக்குப் பக்கத்துத் தொட்டிகளில் பூத்தவை ஒன்றோடொன்று கலந்து, விதை விழுந்து முளைத்து, இன்னதென்று சொல்ல முடியாத புதுசுகளும் கிளம்பியிருந்தன.

மைமூனின் அத்தா பக்கீர் முகமது ஏற்காடு ஏரிப்பக்கம் தொட்டிச்செடி விற்றவர். அவரிடம் இந்தச் செடி இரண்டு விதமாக இருந்தது. குட்டையாய், விறைப்பாய், இலை சிவந்து குறுக்கே சாம்பல் பட்டை போட்டது துரைசாணி. பச்சையாய் நீண்டு தொங்குவது வேலி அன்னாசி. துரைசாணியைக் கடை முகப்பில் வெயிலில் வைத்து ராஜமரியாதை செய்வார். வேலி அன்னாசி கொட்டகைக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடக்கும். துரைசாணி பூத்தால் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். முள் முள்ளாய் ரோஜா நிறத்தில் ஒரு தலை எழும்பும், மடல்களுக்கு நடுவே பொட்டு வைத்ததுபோல நீலப் பூக்கள் எட்டிப் பார்க்கும். பூத்த செடி அத்தோடு சரி, கொஞ்சம் கொஞ்சமாய் வாடிப்போகும். அடியில் விட்ட பக்கக்கன்றுதான் அடுத்த தலைமுறை.

எழுபத்து நாலில் அத்தா மௌத்தானார். பிள்ளைகள் இந்த இரண்டு பெண்கள்தான். கடையைக் காலி செய்து கொடுக்க வேண்டிய சமயத்தில் மைமூனின் கைக்குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததால் அவளால் வர முடியவில்லை. சாமான்களைப் பிரித்ததெல்லாம் பரிதாதான். பாத்திரம் பண்டத்தோடு ஒரு மண்ணெண்ணெய் டின்னில் துரைசாணிக் கன்று ஒன்றையும் ஜீப்பில் நாகலூருக்கு ஏற்றிவிட்டாள். இன்னொரு கன்றைத் தன்னோடு கரடியூருக்குக் கொண்டுபோனாள். கன்றாய் இருக்கும்போது எல்லாம் ஒரே பச்சைதான். மைமூனும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களின் அடியில், நல்ல குளிர்ச்சியான இடமாகப் பார்த்து, தொட்டியில் மாற்றி வைத்தாள்.

செடி வளர்ந்தது. இலை இரண்டு முழத்துக்கு நீண்டு, கரும்பச்சையாய்த் தொங்கியது. பட்டையைக் காணோம், சிவப்பைக் காணோம், பூவும் வரவில்லை. மைமூனுக்குப் பிள்ளை வளர்ப்பு, கடை, வாய்ச்சண்டை என்று ஆயிரம் சோலி. செடி பாட்டுக்குக் கிடந்தது.

எண்பத்து மூணு மே மாதம் ஏற்காட்டு மலர்க்காட்சியில் தாவூத் ஒரு பழக்கடை போட்டார். கூடப் போன மைமூன் கூட்டத்தோடு கூட்டமாகத் தொட்டிச்செடிப் பந்தலுக்குள் நுழைந்தாள். முதல் பரிசுக் கோப்பைக்குப் பின்னால் அத்தாவின் துரைசாணி நின்றது. அதே சிவப்பு, அதே சாம்பல் பட்டை, உச்சியில் அதே ரோஜா நிறத் தலை. அட்டையில் கரடியூர் பரிதா என்று எழுதியிருந்தது. பரிதா பக்கத்திலேயே புதுச் சேலையில் நின்றிருந்தாள்.

"அக்கா, வந்துட்டீங்களா. அத்தாவோட துரைசாணி, எப்புடிப் பூத்துருக்கு பாருங்க."

"அப்ப எங்கூட்டுல இருக்குறது என்ன?"

"அதுவும் இதேதான. ஒரே தாய்ச்செடியோட கன்னு."

"அது பச்சையா தரை வரைக்கும் தொங்குது. இதுக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?"

பரிதா சிரித்தாள். "நீங்க சரியா கவனிக்கலையாட்ட இருக்குது" என்றாள்.

அந்தச் சிரிப்புத்தான் மைமூனைக் கொன்றது. அத்தாவின் செடியைத் தான் வைத்துக்கொண்டு வேலி அன்னாசியை எனக்கு அனுப்பியிருக்கிறாள், இப்போது கோப்பையும் வாங்கிக்கொண்டு இளிக்கிறாள் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் தன் செடியைத் தொட்டியோடு இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கி, பரிசு பெற்ற செடிக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள். நடுவராக வந்திருந்தவர் பொன்னுவேல் என்கிற கல்லூரி ஆசிரியர், செடி கொடிகளைப் படித்தவர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இலையைத் தடவினார், முள்ளை எண்ணுவதுபோலக் குனிந்தார்.

"இலைய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கம்மா. இந்த இனத்துல அதுதான் பெரிய தலைவலி. ஒரே செடிய நிழல்ல வெச்சா ஒரு மாதிரி, வெயில்ல வெச்சா ஒரு மாதிரி. நானே நெறைய தப்புப் பண்ணிருக்கேன். பூத்தா கொண்டு வாங்க, பூவப் பிரிச்சுப் பாத்துச் சொல்றேன்."

"வெயில்ல நின்னா நீங்க வேற ஆளா ஆயிருவீங்களா?" என்று கேட்டாள் மைமூன். அவர் சிரித்துக்கொண்டே, வேண்டுமானால் உங்கள் செடியையும் வெயிலில் வைத்துப் பாருங்கள் என்றார். பரிதா வாங்கிக்கொடுத்த டீ அவர் உள்ளே வேலை செய்கிறது என்பது மைமூனின் தீர்ப்பு.

பந்தலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பரிதாவின் புருஷன் சையத் இப்ராஹிம், காப்பிக்கொட்டை வியாபாரி, மானம் போகிறதே என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"நா மாத்தலைங்க அக்கா. குர்ஆன் மேல கை வெச்சு சத்தியம் பண்றேன்."

"திருடுன கையால குர்ஆனத் தொடாத" என்றாள் மைமூன்.

பரிதாவின் முகம் செத்துப்போயிற்று. அடுத்துப் பேசியபோது குரல் வேறாக இருந்தது. "சரி. உங்கூட்டுச் செடி பூக்கட்டும். வேற பூவா இருந்தா நா திருடிதான், ஊரறியச் சொல்லிக்குங்க. இதே பூவா இருந்தா நீங்க கரடியூருக்கு வந்து, நாலு பேரு முன்னால எம்மேல தப்பில்லைன்னு சொல்லோணும்."

"பூக்கட்டும்டி. அன்னைக்கு இருக்குது உனக்கு" என்று சொல்லிவிட்டு மைமூன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து அந்தச் செடிக்கு வந்தது வாழ்வு. தன் தங்கையைத் திருடி என்று ஊரையே ஒப்புக்கொள்ள வைக்கப்போகிற பூவுக்காக மைமூன் அதைப் பொத்திப் பொத்திப் பார்த்தாள். ஆசிரியர் சொன்னாரே என்று ஒரு கோடையில் மரத்தடியிலிருந்து எடுத்து ரோட்டோர வெயிலில் வைத்தும் பார்த்தாள். நிழலிலேயே கிடந்த இலைகள் நாலே நாளில் வெளிறி, காய்ந்து, சுட்ட அப்பளமாய்ப் புள்ளி விழுந்தன. செடியைச் சாகடிக்கத்தான் அந்த ஆள் யோசனை சொன்னான், அவளும் அவனும் கூட்டு என்று சொல்லிக்கொண்டே திரும்ப நிழலில் வைத்தாள். அதற்குப் பிறகு வெயில் என்ற பேச்சையே அந்த வீட்டில் எடுக்க முடியாது.

பரிதாவும் லேசுப்பட்டவள் இல்லை. நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் சென்னம்மாளின் மகளைக் கரடியூரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. சென்னம்மாள் மகளைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் பரிதாவின் கேள்வி ஒன்று அவளோடு ஜீப்பில் ஏறி வரும்.

"ஏனுங்கம்மா, கரடியூரம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. செடி பூத்துச்சுங்களா?"

"பூக்கலைன்னு சொல்லு. பூத்தா நானே வருவேன்னு சொல்லு. அது வரைக்கும் நல்லாத் தின்னுட்டு தெம்பா இருக்கச் சொல்லு."

சென்னம்மாள் இதையெல்லாம் அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பாள். இரண்டு பக்கமும் டீ கிடைத்தது. கேள்வி ஊசி மாதிரி வருஷா வருஷம் வந்து குத்தியது. மைமூன் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அங்கே பரிதா ஊராரிடம், பாருங்கள், பூத்தால் உண்மை தெரிந்துவிடும் என்று அக்கா பூக்கவிடாமல் வைத்திருக்கிறாள் என்று சொல்லுவாளாம். இது காதுக்கு வந்த அன்றெல்லாம் ஷேக் தாவூதுக்குச் சோற்றில் உப்பு இருக்காது.

எண்பத்தைந்தில் பரிதா ஒரு காரியம் செய்தாள். கோப்பை வாங்கிய செடி வாடி, அதன் அடியில் விட்ட கன்றுகள் செக்கச்செவேலென்று வளர்ந்து நின்றன. அவற்றில் ஒன்றைப் பெயர்த்து, சென்னம்மாள் தலையில் தூக்கிவைத்து அனுப்பினாள். கூடவே வார்த்தையும் வந்தது. "நீங்க கேக்குற துரைசாணி இதுதான, வெச்சுக்குங்க. பிச்சை போட்டதா நெனச்சுக்குங்கன்னு சொல்லச் சொன்னாங்க" என்று சென்னம்மாள் ஒப்பித்தாள். மைமூனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் செடியைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. அத்தாவின் செடி, சிவப்பாய், பட்டையோடு, கண்ணெதிரே. பழைய தொட்டிக்குப் பக்கத்திலேயே சில்வர் ஓக் அடியில் வைத்தாள். ஊராரைக் கூப்பிட்டுக் காட்டினாள், திருட்டுப்பொருளைத் திரும்பக் கொடுத்துவிட்டாள் என்று.

ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் போனது. சிவப்பு இலைகள் ஒவ்வொன்றாய்க் கீழே காய்ந்தன. நடுக்குருத்திலிருந்து புதிதாய் வந்தவை பச்சையாய் வந்தன. நீண்டன, தொங்கின. கடைசியில் இரண்டு தொட்டிகளையும் இடம் மாற்றி வைத்தால் எது எது என்று மைமூனுக்கே தெரியாத நிலை. யோசிக்கிற ஆளாய் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து யோசித்திருப்பாள். தாவூத் யோசித்தார், வாயைத் திறந்தும் பார்த்தார்.

"மைமூனு, செவப்பா வந்தது இங்க வந்து பச்சையாயிருச்சு. அப்ப மொதல்ல வந்ததும் அப்புடித்தான ஆயிருக்கும்?"

"சாயம் பூசி அனுப்பிருக்கா" என்றாள் அவள். "மறுக்காவும் ஏமாத்திட்டா. நீங்க அவளுக்கு வக்காலத்து வாங்காதீங்க."

தாவூத் எழுந்து கடைக்குப் போய்விட்டார். இரண்டு முறை ஏமாந்தவளின் கோபத்துக்கு எல்லை இல்லை. பரிதாவின் மகள் அமீனாவின் கல்யாணப் பத்திரிகை வந்தபோது பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். பெரியம்மா இல்லாமலே அந்தப் பெண்ணின் நிக்காஹ் நடந்து, அவள் சேலத்துக்குக் குடித்தனம் போனாள். அடுத்த வருஷம் சையத் இப்ராஹிம் மௌத்தான சேதி வந்தது. தாவூத் மட்டும் போய் மண் போட்டுவிட்டு வந்தார். "உன்னயத்தான் கேட்டா" என்று அவர் சொன்னபோது மைமூன் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மை. அதற்கும் சேர்த்துப் பரிதாவைத்தான் திட்டினாள்.

தொண்ணூறில் மலையில் காய்ச்சல் பரவிற்று. கொசு ஒழிக்கிற ஆள் ஒருவர் கையில் எண்ணெய் டின்னோடு வீடு வீடாய் வந்தார். தேங்காய்த்தொட்டி, டயர், உடைந்த சட்டி என்று தண்ணீர் நிற்கிற எதையும் விடமாட்டார். பங்களா அன்னாசியின் நடுக்கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அதில் புழுவும் நெளியும். எண்ணெய் விட்டால் குருத்து அழுகிவிடும் என்று மைமூனுக்குப் பயம். ஆள் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டார். இரண்டு தொட்டிகளையும் இழுத்துக்கொண்டு போய் வாழைத்தார் பழுக்கப் போடுகிற அறைக்குள் தள்ளினாள்.

அது ஜன்னல் இல்லாத அறை. தார்களை அடுக்கி, சருகு மூடி, சட்டியில் உமியும் நாரும் போட்டுப் புகைய விட்டு, கதவு இடுக்கில் மண் பூசி மூட்டம் போட்டுவிடுவார்கள். அன்றைக்கும் தாவூத் உள்ளே செடி இருப்பது தெரியாமல் மூட்டம் போட்டுவிட்டார். கதவைத் திறந்தபோது பழத்தோடு பழமாய்ச் செடிகளும் புகை நாற்றத்தோடு நின்றன. மைமூன் புருஷனை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, இலைகளைக் கழுவிப் பழைய இடத்தில் வைத்தாள்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாள் தண்ணீர் ஊற்றப் போனவள் பழைய தொட்டியின் கிண்ணத்துக்குள் ஒரு மொக்கைப் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய் சந்தோஷத்தில் எதற்குப் போனோம் என்று மறந்து திரும்பி வந்தாள். தாவூதும் வந்து குனிந்து பார்த்தார்.

"இத்தன வருசமா பூக்காதது. பழுக்க வெக்கிற பொகை இதப் பூக்கவும் வெச்சிருச்சாட்ட இருக்குது" என்றார்.

அடுத்து வந்த நாட்களில் மைமூனைப்போலச் சந்தோஷமான மனுஷி நாகலூரில் இல்லை. ரைட்டருக்கே ஒரு பழம் சும்மா கொடுத்தாள். கரடியூருக்கு எந்தச் சேலையில் போவது, ஜீப்பை எங்கே நிறுத்தச் சொல்வது, தெருவில் நின்றபடியே பேசுவதா வீட்டுக்குள் போவதா என்று எல்லாம் திட்டமாயிற்று. பக்கத்துத் தொட்டியிலும் மொக்கு எழும்பியது. ஏமாற்றியதற்கு இரட்டைச் சாட்சி என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மொக்கு மேலே வர வர நிறம் பிடித்தது. முதலில் வெளிறிய ரோஜா நிறம். வேலி அன்னாசியும் அப்படிப் பூக்கலாம் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு மடல் விரிந்து முள் முள்ளாய் நின்றது. ஒரு நண்பகலில், காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து பனிமூட்டம் ஏறிவந்த நேரத்தில், மடல்களுக்கு நடுவே நீலப் பூ இரண்டு எட்டிப் பார்த்தன. அத்தாவின் கடை முகப்பில் பார்த்த அதே நீலம். கோப்பைக்குப் பின்னால் பார்த்த அதே நீலம். பக்கத்துத் தொட்டியிலும் அதுவே.

மைமூன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் ஒரு செடி. இந்த மரத்தடிக்கு வந்தால் பச்சை, கரடியூர் மேட்டு வெயிலில் நின்றால் சிவப்பு. அத்தா இரண்டு சாதி என்று பிரித்து வைத்தாரே, கடை முகப்பிலிருந்ததும் கொட்டகைக்குப் பின்னால் கிடந்ததும், அவைகூட ஒன்றுதானோ என்னவோ. திருடுன கையால குர்ஆனத் தொடாத என்று தான் சொன்னது பந்தலில் கேட்ட அதே சத்தத்தில் அவளுக்குக் கேட்டது. அமீனாவின் பத்திரிகை கண்ணுக்கு முன்னால் வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது. தப்பு தன்னுடையது என்று தெரிந்த பிறகு தங்கை மேல் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடியது. இத்தனை வருஷமும் அவள் சரியாக இருந்திருக்கிறாளே என்று ஆத்திரம் வந்தது. கரடியூர்த் தெருவில், நாலு பேர் முன்னால், அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நிற்பதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

எழுந்து போய் வாழைச்சீப்பு அறுக்கிற கத்தியை எடுத்துவந்தாள். இரண்டு பூந்தண்டுகளையும் அடியோடு அறுத்து, காப்பிப்பழத் தோல் குவிந்து நாறிக்கிடந்த குழியில் போட்டுக் காலால் மிதித்து அமுக்கினாள். திரும்பியபோது தாவூத் கடைக் கதவில் நின்றுகொண்டிருந்தார்.

"எலி கடிச்சுப் போட்டுருச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

"நா ஒண்ணும் சொல்ல மாட்டேன். கேக்குறவங்களுக்கு நீயே சொல்லிக்க" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் பேசியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பாள்.

அந்த வாரமே சென்னம்மாள் வந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு தொட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். குட்டையாய், விறைப்பாய், சிவப்பில் சாம்பல் பட்டை போட்ட துரைசாணி. அடியில் கன்றுகளோடு முழுச் செடி.

"ஏனுங்கம்மா, கரடியூரம்மா ஊட்டக் காலி பண்ணிட்டு அமீனா ஊட்டுக்கே சேலத்துக்குப் போறாங்க. இனி மலைக்கு வரமாட்டாங்களாம். போறதுக்கு முன்ன கடைசியா ஒருக்கா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. செடி பூத்துச்சுங்களா?"

மைமூன் கடைக்குள் பார்த்தாள். தாவூத் தாரிலிருந்து சீப்பு அறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தியிருந்தார்.

"பூக்கலைன்னு சொல்லு" என்றாள்.

"நொம்ப எதிர்பாத்துட்டு இருந்தாங்க" என்றாள் சென்னம்மாள். "பூக்கலைன்னா இதயும் குடுத்துட்டு வந்துரச் சொன்னாங்க. அவங்களுக்கு இந்தச் செடியப் பாத்தாலே வவுறு எரியுதாம். அக்காளுக்குத்தான வேணும், அவங்களே வெச்சுக்கட்டும்னு சொன்னாங்க. எங்க வெக்கட்டுங்க?"

தாவூத் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாய் எழுந்து போனார். சென்னம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சிவப்புச் செடி ஆயிற்றே, நாலு பேர் கண்ணில் படட்டும் என்று ரோட்டோரம் வெயில் விழுகிற இடத்தில் தொட்டியை இறக்கப் போனாள்.

"அங்க வேண்டாம்" என்றாள் மைமூன். "பின்னால கொண்டு போயி அந்த மரத்தடியில, நெழல்ல வெய்யி."